காணாமலும் பிடிக்காமலும் ஒரு கண்டுபிடிப்பு

நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் அவர்களின் நெறியாளர்களும் முழுவதும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மற்றவர்கள் கடந்து செல்லலாம்.

சென்ற வாரம் என் ஆண்டு மதிப்பாய்வு நடந்தது. லித்தியம் மின்கலத்தில் திரவ மின்பகுளிக்கு மாற்றாகக் கருதப்படும் கார்னெட் வகை ஆக்சைடு ஒன்றை ஐந்தாம் ஆண்டாக ஆய்ந்துவருகிறேன். பொடியை அகேட் உரலில் அரைப்பது, வில்லையாக அழுத்துவது, உலையில் ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் சுடுவது, எக்ஸ்ஆர்டி எடுப்பது, மின்கடத்துத்திறனை அளப்பது. இவையே என் அன்றாடம். விளக்கி முடித்ததும் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கனிவோடு கேட்டார்: "இவ்வளவு காலம் உலையோடு போராடியிருக்கிறீர்கள். இதையே இயந்திரக் கற்றலாகச் செய்திருந்தால் ஆறு மாதத்தில் மூன்று கட்டுரைகள் வந்திருக்குமே? உலகமே அந்தப் பக்கம்தானே போகிறது?" அறையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். எனக்கு அப்போது விடை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

'கண்டுபிடிப்பு' என்ற நம் சொல்லில் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. முதலில் காண வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். சில ஆண்டுகளாகச் செயற்கை நுண்ணறிவின் கண்டுபிடிப்பு என்று செய்திக்குறிப்புகள் கொண்டாடுபவற்றுள் பெரும்பகுதியை யாரும் காணவுமில்லை, பிடிக்கவுமில்லை. அவை கணிப்புகள். கணிப்பு இழிவானது என்று சொல்ல வரவில்லை. மெண்டலீவ் தம் அட்டவணையில் காலியாக விட்ட கட்டங்களும் கணிப்புகளே. ஆனால் காலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர் என்று வரலாறு குறித்துவைத்திருப்பது, 1875-இல் அதன் நிறமாலைக் கோடுகளைக் கண்டு உலோகத்தையும் பிரித்தெடுத்த லெகோக் த புவாபோத்ரானின் பெயரை. அவர் முதலில் அளந்த அடர்த்தி தவறாக இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் சொன்னார். புவாபோத்ரான் உலோகத்தை மீண்டும் தூய்மைப்படுத்தி அளந்தார். மெண்டலீவ் சொன்ன மதிப்பே வந்தது. கணிப்புக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. அந்த வெற்றியையும் தராசில் நிறுத்துத்தான் அறிவிக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

2023 நவம்பர் இறுதியில் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வெளியாயின. கூகுள் டீப்மைண்டின் 'நோம்' என்ற மாடல் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்திருந்தது. அவற்றுள் ஏறத்தாழ 3,80,000 நிலைத்தன்மை உடையவை என்றார்கள். இது எண்ணூறு ஆண்டு அறிவுக்கு நிகர் என்று அந்நிறுவனத்தின் அறிவிப்பு கூறியது. மற்றொன்று, லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் 'ஏ-லேப்' என்ற தானியங்கி ஆய்வகத்தைப் பற்றியது. ரோபோக் கைகள் பொடிகளைக் கலந்து, சுட்டு, எக்ஸ்ஆர்டி எடுத்து, 17 நாள்களில் 58 இலக்குகளில் 41 புதிய சேர்மங்களை ஆக்கிவிட்டன என்று அது அறிவித்தது. எங்கள் ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு யாரோ இரங்கல் மலர்வளையப் படம் ஒன்றைப் போட்டார்கள். எங்கள் தொழிலுக்குத்தான்.

நான்கு மாதம் கழித்து வந்த மறுப்பை அந்தக் குழுவில் யாரும் பகிரவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ராபர்ட் பால்கிரேவும் பிரின்ஸ்டனின் லெஸ்லி ஷூப்பும் தம் குழுவினருடன் ஏ-லேபின் எக்ஸ்ஆர்டி வரைபடங்களை ஒவ்வொன்றாக மீண்டும் ஆய்ந்து, 2024 மார்ச்சில் 'பிஆர்எக்ஸ் எனர்ஜி' இதழில் எழுதினார்கள். புதிய பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது அவர்கள் முடிவு. வெற்றி என்று எண்ணப்பட்டவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு, முன்பே அறியப்பட்ட சேர்மங்களின் ஒழுங்கற்ற வடிவங்களாகவே இருக்கக்கூடும் என்று காட்டினார்கள்.

இந்த 'ஒழுங்கின்மை' என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இத்தகைய கணிப்புகளுக்கு அடியில் இருக்கும் கணக்கீடு, வெப்பமே இல்லாத நிலையில் ஒவ்வோர் அணுவும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்திருக்கும் படிகத்தின் ஆற்றலைச் சொல்வது. பந்தியில் பெரியவர் ஒருவர், சிறுவர் ஒருவர் என்று மாறி மாறி உட்கார்ந்தால் ஒரு புதிய ஒழுங்கு. கணினி அதற்குப் புதிய பெயரும் எண்ணும் தந்துவிடும். ஆயிரம் டிகிரி உலையிலோ யாரும் அப்படி உட்காருவதில்லை, கிடைத்த இலையில் உட்காருகிறார்கள். அப்படிக் கலந்து அமர்ந்த பொருள் பல ஆண்டுகளுக்கு முன்பே தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கும். இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல எக்ஸ்ஆர்டி வரைபடத்தை ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஷூப்பும் பால்கிரேவும் செய்தது அதைத்தான். அதற்கு எந்த விருதும் இல்லை.

அடுத்த மாதமே அந்தோணி சீத்தமும் ராம் சேஷாத்ரியும் 'கெமிஸ்ட்ரி ஆஃப் மெட்டீரியல்ஸ்' இதழில் நோம் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். சேஷாத்ரி பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். புதுமை, நம்பகம், பயன் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த சேர்மங்களுக்கான சான்று மிக அரிதாகவே தென்பட்டது என்று எழுதினார்கள். ப்ரொமீத்தியமும் ப்ரோட்டாக்டினியமும் கலந்த சேர்மங்கள்கூடப் பட்டியலில் இருந்தன. கதிரியக்கம் உடையவை, கிடைப்பதற்கே அரியவை. அவற்றை எந்தத் தொழிற்சாலையில் யார் சுடப்போகிறார்கள்?

இப்போது என் சொந்தப் பொருளுக்கு வருகிறேன். லித்தியம், லாந்தனம், சிர்க்கோனியம் கலந்த அந்தக் கார்னெட்டின் உயர்ந்த மின்கடத்துத்திறனை 2007-இல் உலகுக்கு அறிவித்த மூவரில் இருவர் நம்மவர்கள்: பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராமசாமி முருகனும், வெங்கடராமன் தங்கதுரையும். மூன்றாமவர் ஜெர்மனியின் வெர்னர் வெப்னர். கனசதுர அமைப்புள்ள அந்தப் பொருளை அதே செய்முறையில் ஆக்க முயன்ற சிலருக்கு அது வந்தது. சிலருக்கு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத நாற்கோண வடிவமே வந்தது. காரணம் சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. பொடியை வைத்துச் சுடும் அலுமினாக் கிண்ணத்திலிருந்து சிறிதளவு அலுமினியம் படிகத்துக்குள் புகுந்து கனசதுர அமைப்பை நிலைநிறுத்திக்கொண்டிருந்தது. எழுதிவைத்த வாய்பாட்டில் அலுமினியம் இல்லை. பாத்திரம் சமையலில் கலந்துவிட்டது.

மாடல்களுக்கு ஊட்டப்படும் தரவு எத்தகையது என்று இப்போது எண்ணிப்பாருங்கள். பழைய கட்டுரைகளிலிருந்து வாய்பாட்டையும் கடத்துத்திறனையும் இரு நெடுவரிசைகளாக எடுத்து அட்டவணை ஆக்குகிறோம். கிண்ணம் எதனாலானது என்ற நெடுவரிசை அந்த அட்டவணையில் இல்லை. உலையில் லித்தியம் எவ்வளவு ஆவியானது, வில்லையை அதே பொடியால் மூடினார்களா இல்லையா என்பனவும் இல்லை. இவை தெரியாத மாடல் தான் கற்றதை மிகத் துல்லியமாகவே கற்கிறது. கற்றது எதை என்பதுதான் கேள்வி.

இதை வெளியிலிருந்து எழுதவில்லை. ஆய்வின் மூன்றாம் ஆண்டில் எங்கள் உலை பழுதாகி நான்கு மாதம் கிடந்தது. அந்த இடைவெளியில் நானும் ஒரு மாடல் செய்தேன். வெளிவந்த கட்டுரைகளிலிருந்து கார்னெட்டுகளின் கடத்துத்திறன்களைத் திரட்டினேன். எல்லோரும் செய்வதுபோல் ஐந்தில் நான்கு பங்கைப் பயிற்சிக்கும் ஒரு பங்கைச் சோதனைக்குமாகக் குலுக்கிப் பிரித்தேன். முடிவு கண்ணைப் பறித்தது. கட்டுரை வரைவும் தயார். அப்போது எங்கள் ஆய்வகத்தின் முதலாண்டு மாணவர் ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரே கட்டுரையில் வந்த வில்லைகள் ரெண்டு பக்கமும் இருக்கே?" என்றார். ஒரே ஆய்வகம், ஒரே உலை, கலப்பளவு மட்டும் சற்றே மாறும் வரிசை. அதில் நான்கு பயிற்சிப் பக்கம், ஐந்தாவது சோதனைப் பக்கம். வினாத்தாளை முதல் நாளே கொடுத்துத் தேர்வு வைப்பது போன்றது இது. கட்டுரை வாரியாகப் பிரித்து மீண்டும் ஓட்டினேன். எல்லாவற்றுக்கும் சராசரி மதிப்பையே விடையாக எழுதிவைத்தால் என்ன பிழை வருமோ, ஏறக்குறைய அதே பிழை வந்தது. என் மாடல் வேதியியல் எதையும் கற்றிருக்கவில்லை. எந்த ஆய்வகம் எப்படிச் சுடும் என்பதை மனப்பாடம் செய்திருந்தது.

வரைவைக் கிடப்பில் போட்டேன். உடன் எழுதியவருக்கு அதில் மனவருத்தம். குலுக்கிப் பிரித்துத்தானே எல்லோரும் வெளியிடுகிறார்கள் என்றார். அவர் சொன்னது உண்மை. ஆய்வேடு சமர்ப்பிக்க எங்களுக்கு இரண்டு கட்டுரைகள் வேண்டும். இன்றுவரை என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

இந்தத் தரவுக் கசிவு என் ஒருவனின் அறியாமை என்று நினைத்து ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. பிரின்ஸ்டனின் சயாஷ் கபூரும், சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் 2023-இல் 'பேட்டர்ன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு, 17 துறைகளில் 294 கட்டுரைகள் இத்தகைய கசிவால் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தொகுத்துக் காட்டியது. அவை பிறர் தேடிப்பார்த்துக் கண்டுகொண்டவை மட்டுமே.

பொருளறிவியலில் கசிவு நேர்ந்தால் ஒரு வில்லை வீணாகும். மருத்துவத்தில் வீணாவது வேறு. கொரோனாக் காலத்தில் மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தையும் சிடி படத்தையும் பார்த்து நோயைச் சொல்லும் மாடல்கள் அலை அலையாக வந்ததை நினைவிருக்கிறதா? கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2,212 ஆய்வுகளைத் திரட்டி, தர அடிப்படையில் சலித்து 62-ஐ எடுத்துக்கொண்டு ஊன்றிப் படித்தது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது அவற்றுள் ஒன்றுகூட இல்லை என்று 2021-இல் அறிவித்தது. சில ஆய்வுகளில் கொரோனா இல்லாதவர்களின் படங்களாகச் சேர்க்கப்பட்டவை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுடையவை. நோயாளிகளோ பெரியவர்கள். மாடல் நோயைக் கற்றதா, குழந்தையின் மார்பையும் பெரியவரின் மார்பையும் பிரித்தறியக் கற்றதா? கேட்பதற்கு நகைப்பாக இருக்கிறது. அந்தக் கட்டுரைகளை மதிப்பிட்டு ஒப்புதல் தந்தவர்கள் நாமேதான்.

அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் எச்சரிக்கை மாடல் ஓடிக்கொண்டிருந்தது. செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர் சார்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 38,000-க்கும் மேற்பட்ட சேர்க்கைகளில் அதைத் தனியே சோதித்தவர்கள் 2021-இல் வெளியிட்ட முடிவு: செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டது. நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியும் அளவுகோலில் அது பெற்றது 0.63. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே அந்த அளவுகோலில் 0.5 கிடைக்கும். அதோடு, சேர்க்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை மணி அடித்தது. எந்த மணிக்கு ஓடுவது, எந்த மணியைப் புறக்கணிப்பது என்பதைச் செவிலியரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கண் மருத்துவத்தின் கதை இதைவிட நுட்பமானது, ஏனென்றால் அங்கே மாடல் நல்ல மாடல். சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் கேட்டைப் படத்திலிருந்து அறியும் கூகுளின் 2016-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் படங்கள் தந்தவற்றுள் அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் பெங்களூருவின் நாராயண நேத்ராலயாவும் உண்டு. சான்று வலுவானது, நானும் மதிக்கிறேன். அதே அமைப்பைத் தாய்லாந்தின் 11 சிறு மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான படங்களைத் தரம் போதவில்லை என்று அது திருப்பித் தள்ளியது. செவிலியர் வெளிச்சம் மிகுந்த அறையில், வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே எடுத்த படங்கள் அவை. படம் தள்ளப்பட்டவர்கள் வேறோர் ஊர் மருத்துவமனைக்கு இன்னொரு நாள் போக வேண்டியதாயிற்று. கூலி ஒரு நாள் போயிற்று. இதைச் சென்று பார்த்து 2020-இல் எழுதியவர்கள் கூகுளின் ஆய்வாளர்களே. அந்த நேர்மைக்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நம் கருத்தரங்குகளில் 2016 கட்டுரையைக் காட்டாத உரை இல்லை, 2020 கட்டுரையைக் காட்டிய உரையை நான் கேட்டதில்லை.

உடனே ஒரு மறுமொழி வரும் என்று தெரியும்: "ஆல்ஃபாஃபோல்ட்?" வரட்டும். 2024-இல் வேதியியல் நோபெல் பெற்ற அந்த வேலையை நான் வியக்கிறேன். அது ஏன் வென்றது என்று கேட்டால் என் வாதம் இன்னும் வலுக்கிறது. 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில், உலகெங்கும் படிகவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அமைப்புகளைச் சேர்த்திருந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு படிகம் உண்டு. பலவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் முனைவர் பட்டக் காலம் முழுவதும் உண்டு. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளையலாகாது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் குழுவினரும் 1963-இல் வரைந்த படம் இன்றும் எந்தப் புரத அமைப்பையும் சரிபார்க்கப் பயன்படுகிறது. இதற்கு மேல், 1994 முதல் இரண்டாண்டுக்கொரு முறை நடக்கும் 'காஸ்ப்' என்ற போட்டி. அதில், அளந்து முடித்தும் வெளியிடாத அமைப்புகளைக் கணிக்கச் சொல்வார்கள். விடை யாருக்கும் தெரியாது, கசிய வழியில்லை. ஆல்ஃபாஃபோல்ட் அந்தத் தேர்வில் 2020-இல் தேறியது. என் மாடலுக்கு நான் வைத்த தேர்வையும் இந்தத் தேர்வையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஹாலிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை 2020-இல் அறிவித்த எம்ஐடி குழுவையும் சொல்ல வேண்டும். 2,335 மூலக்கூறுகளை ஈ. கோலை பாக்டீரியாவின் மேல் தாங்களே வைத்துப் பார்த்து அந்தத் தரவில் மாடலைப் பயிற்றுவித்தார்கள். மாடல் உச்சியில் வைத்த 99-ஐ வாங்கிச் சோதித்தார்கள். 51 வேலை செய்தன. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. மாடல் அடியில் தள்ளிய 63-ஐயும் வாங்கிச் சோதித்தார்கள். இரண்டே வேலை செய்தன. 'வேலை செய்யாது' என்று மாடல் சொன்னதையும் காசு கொடுத்து வாங்கிப் பார்ப்பவரே ஆய்வாளர். சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, மார்பகப் படங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு படித்த ஆய்வும் இந்த வகையைச் சேர்ந்தது. படம் படிக்கும் பணிச்சுமை 44 சதவீதம் குறைந்தது, புற்றுநோயைக் கண்டறிவதில் குறைவு நேரவில்லை. அதை எதிர்க்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

ஆக என் சண்டை கருவியோடு அன்று. அளப்பவரைக் கூலியாளாகவும் கணிப்பவரை அறிஞராகவும் வரிசைப்படுத்தும் நம் நிறுவனங்களோடு. அந்த வரிசை பணத்திலும் தெரிகிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 'இந்தியா ஏஐ' இயக்கத்துக்கு ரூ. 10,372 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்தது. கணினித் திறன் நாட்டுக்கு வேண்டியதே, மறுக்கவில்லை. ஆராய்ச்சி, மேம்பாடு அனைத்துக்குமாக நாம் செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். எங்கள் கட்டடத்தில் ஜிபியூ சர்வர் அறைக்கு இரட்டைக் குளிர்சாதனம் இருக்கிறது. அதே தளத்தில் எக்ஸ்ஆர்டி கருவியின் குழாய் தேய்ந்துபோய், மாற்றுவதற்கான கோப்பு பதினோரு மாதமாக மேசை மேசையாக நகர்கிறது. அந்தக் கருவியை இருபது ஆண்டாக இயக்கிவந்த தொழில்நுட்ப உதவியாளர் ஓய்வு பெற்றார். அவர் இடம் நிரப்பப்படவில்லை. வரைபடத்தில் ஒரு சிறு முகட்டைப் பார்த்து, "தம்பி, இது உன் பொடி இல்லை, என் பொடிதாங்கி" என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அந்த அறிவு எந்தப் பயிற்சித் தரவிலும் இல்லை.

ஒரு செய்தியோடு முடித்துக்கொள்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்றின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளறிவியலாளர்கள் செயற்கை நுண்ணறிவைக் கைக்கொண்டதும் 44 சதவீதம் அதிகமான பொருள்களைக் கண்டுபிடித்தார்கள் என்று எம்ஐடியிலிருந்து ஒரு பொருளியல் கட்டுரை 2024 இறுதியில் வந்தது. நோபெல் பெற்ற பொருளியலாளரே புகழ்ந்தார். நம் ஊர் நிதிக்கோரிக்கைகளிலும் அது மேற்கோளாக ஏறியதைப் பார்த்தேன். 2025 மே மாதத்தில் எம்ஐடி, அக்கட்டுரையின் தரவு எங்கிருந்து வந்தது என்பதிலோ அதன் நம்பகத்திலோ தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்து, அதைத் திரும்பப் பெறுமாறு கோரியது. கோரிக்கைகளில் ஏறிய மேற்கோளை யாரேனும் இறக்கினார்களா?

மதிப்பாய்வுக் குழுவின் அந்த மூத்த உறுப்பினருக்கு இப்பதிவை அனுப்பியிருக்கிறேன். என் மீது அக்கறை கொண்டுதான் கேட்டார், அதில் எனக்கு ஐயமில்லை. என் ஆய்வேட்டில் ஒரு பின்னிணைப்பு சேர்க்கப்போகிறேன். வெடித்த வில்லைகள், உருகி ஒட்டிக்கொண்டவை, நாற்கோணமாகவே நின்றவை என்று தோற்ற வில்லைகள் எல்லாவற்றுக்கும் கிண்ணம், வெப்பநிலை, நேரம், மூடிய பொடி உட்பட முழு விவரமும் அதில் இருக்கும். யாரேனும் மாடல் செய்ய விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஆய்வகத்தின் தோல்விகளையும் இப்படி எழுதிவைத்திருந்தால் சொல்லுங்கள், ஒரே அட்டவணையில் சேர்ப்போம்.

மறுப்பவர்களும் கீழே எழுதலாம். துல்லியம் எத்தனை சதவீதம் என்று எழுதுவோர், சோதனைத் தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.